கோணல் கப்பு

ஆறு கப்புகளையும் மேசைமேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள் அபிநயா. சென்னையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவள். புடவையைக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"ஆறும் ஒரே மாதிரி இருக்குதே. மெஷின்ல போட்டதுதானே?"

"இல்லமா. எங்க வீட்டுக்காரர் சக்கரத்துல உக்காந்து கையால செஞ்சது" என்றாள் பீங்கான் கடைக்காரி ரூக்ஷார்.

"கையால செஞ்சா கொஞ்சமாவது கோணல் இருக்கும்ல?" என்று சொல்லிவிட்டு அபிநயா எதிர்க்கடைக்குப் போனாள். அங்கே ஃபேக்டரி அச்சிலேயே நெளிவு வைத்து ஆயிரக்கணக்கில் வார்த்த கப்புகள், 'கைவேலை' என்ற போர்டுக்குக் கீழே விற்பனையாகிக்கொண்டிருந்தன.

ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். ரூக்ஷாரின் புருஷன் அப்துல் சத்தாருக்கு ஆடவும் தெரியும், கூடமும் நேர். அதுதான் வம்பாகப் போயிற்று. முப்பது வருஷம் பீங்கான் வனைந்த கை. நூறு கப்பு செய்தால் நூறும் அச்சடித்த மாதிரி வரும். ரம்ஜானுக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் சக்கரத்தை விற்றுவிட்டு, சத்தார் டைல்ஸ் குடோனுக்கு வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. முடிவான அன்று மனுஷன் சோற்றைத் தொடவில்லை.

ரூக்ஷார் சும்மா இருக்கிற ஆளா? 'இது நிஜமாகவே கைவேலை' என்று பெரிதாகப் போர்டு எழுதி மாட்டினாள். அதுவரை சந்தேகப்படாதவர்களும் அதைப் படித்துவிட்டுச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

அடுத்து புருஷனிடமே போனாள்.

"ஏங்க, பத்து கப்பாவது கொஞ்சம் கோணலா செய்யுங்களேன்."

"நேரா வரணும்னுதான் தொழில் கத்துக்குடுத்த உஸ்தாத்கிட்ட அவ்ளோ அடி வாங்கினேன். கட்டினவளே கோணலா செய்யச் சொல்றியே."

"கோணல்தான் விக்குது. நான் இன்னா பண்றது?"

"அப்ப எதிர்க்கடையில வாங்கி வெச்சு வித்துக்கோ."

அவர் மதியத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, காய்ந்துகொண்டிருந்த கப்புகளை ரூக்ஷாரே கட்டைவிரலால் அங்கங்கே அமுக்கி வைத்தாள். சூளையில் ஏற்றியதும் அமுக்கின இடமெல்லாம் விரிசல் விட்டது. நாற்பது கப்பும் குப்பைக்குப் போயின.

சத்தார் கத்தியிருந்தால்கூடத் தேவலை. பேச்சையே குறைத்துக்கொண்டார். சாப்பாடு தனியாக, டீ தனியாக. அவள் எதிரில் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஒரு மாசம் ஓடியும் ரோஷம் தணியவில்லையே என்று ரூக்ஷார் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவரே தட்டு நிறையப் புதுக் கப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். விளிம்பு ஏறி இறங்கி, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் இருந்தன.

"கோணல் கேட்டியே. இந்தா."

சாயங்காலத்துக்குள் தட்டு காலி. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க மறுபடி வந்த அபிநயா, ஒரு கப்பை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தான் கையால செஞ்ச மாதிரியே இருக்குது" என்று ஒரு டஜன் வாங்கிப் போனாள்.

பட்டுப்புடவைக் கடைக்காரர்கள் நான்கு பேர், முகூர்த்தப் புடவை எடுப்பவர்களுக்கு இனாமாகக் கொடுக்க ஆர்டர் தந்தார்கள். சக்கரத்தை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

"கோணலா செய்றதுலயும் கெட்டிக்காரருதான் நீங்க. எப்டிங்க இது?" என்று சீண்டினாள் ரூக்ஷார்.

"பழகிக்கினேன்" என்று சத்தார் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு வலித்தது. முப்பது வருஷ வித்தையை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாரே, பாவி நான் கேட்டிருக்கக் கூடாதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ராப்பகலாக உழைக்கிற மனுஷனுக்குக் கழுத்து வலிக்குமே என்று தைலம் வாங்கப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போனாள்.

"நல்லவேளை வந்தீங்கக்கா" என்றான் மருந்துக்கடை பாலாஜி. "நீங்களாவது பாய்க்கு எடுத்துச் சொல்லுங்க. கை நடுக்கத்துக்கு டாக்டர் எழுதின மாத்திரைய நாலு நாளு போட்டுட்டு, மிச்சத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு. நிறுத்தினா நடுக்கம் ஜாஸ்தியாயிடும்னு எவ்ளோ சொன்னாலும் கேக்கல. 'இத்தப் போட்டா கப்பு நேரா வந்துடுதுபா'ன்றாரு."