ஒருவரும் ஊருக்குப் போகாத கோடை

மனித குலம் தியாகத்தில் தொட்ட உச்சிகளை ஆராய்கிறவர்கள், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கோடையில் இண்டியானா மாநிலத்தின் வடக்கு மூலையில் நடந்ததை விட்டுவிடக் கூடாது. கிரேபில் சூட்கேஸ் கம்பெனியின் நூற்று நாற்பத்தேழு ஊழியர்களில் ஒருவர்கூட அந்தக் கோடையில் ஒரு நாள்கூட விடுமுறை எடுக்கவில்லை. இது பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டை எழுதியவன் நான். ஆகவே சந்தேகத்துக்கு இடமே இல்லை.

என் பெயர் டுவைட். பணியாளர் பிரிவின் தலைமை அதிகாரி. அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் தலைமைக்குப் போட்டி இருந்ததில்லை.

பொருளாதார மந்தம் என்றார்கள், காலம் கெட்டுக் கிடந்தது. அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. வேலை போனவன் ஊர் சுற்றப் போவதில்லை. வேலை இருப்பவன், திரும்பி வரும்போது அது இருக்குமோ என்ற பயத்தில் போவதில்லை. ஊர் சுற்றாதவனுக்கு சூட்கேஸ் எதற்கு? எங்கள் கிடங்கில் பெட்டிகள் கூரையை முட்டின. மே மாதம் ஒரு திங்கட்கிழமை முதலாளி மிஸ்டர் கிரேபில் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார்.

"நாட்டுல ஒருத்தனும் டூர் போறதில்ல. நம்ம வாடிக்கையாளர் வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கறான். அவன் கஷ்டத்துல நாமளும் பங்கெடுத்துக்கணும். அதனால இந்தக் கோடைக்கு நம்மள்ல யாரும் எங்கயும் போகப் போறதில்ல."

கைப்பிடி பொருத்தும் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஆர்லீன் ஸ்விஹார்ட் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம். சூட்கேஸ் செய்யறவங்களே ஊருக்குப் போகலேன்னா, வேற யாரு போவா?"

"ஆர்லீன், இதுக்குப் பேருதான் எதிர்மறைச் சிந்தனை."

"இல்ல சார், கேக்கறேன்..."

"டுவைட், எதிர்மறைச் சிந்தனைன்னு குறிச்சுக்கோய்யா."

குறித்துக்கொண்டேன்.

அன்றே 'விடுமுறைத் தவிர்ப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மிஸ்டர் கிரேபில். செயலாளர் நான். உறுப்பினர்கள் பின்னர் அறிவிக்கப்படுவார்கள் என்று தீர்மானம் போட்டோம். அவர்கள் இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. 'நான் மனமுவந்து என் விடுமுறையைத் துறக்கிறேன்' என்று ஒரு படிவம் அச்சானது. மனம் உவக்காதவர்களைச் செயலாளரிடம் அனுப்பி உவக்க வைக்க வேண்டும் என்பது விதி.

வெறுமனே பறித்துக்கொள்ளக் கூடாது, மாற்று ஏற்பாடு வேண்டும் என்றார் முதலாளி. அப்போது பத்திரிகைகளிலெல்லாம் 'வீட்டோடு விடுமுறை' என்ற தத்துவம் பிரபலமாகியிருந்தது. அதையே கொஞ்சம் திருத்தி 'வேலையோடு விடுமுறை' ஆக்கினார். கார் நிறுத்துமிடத்தின் மேற்கு மூலையில் இரண்டு லாரி மணல் கொட்டப்பட்டது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். நடுவில் 'கிரேபில் கடற்கரை' என்று பலகை. ஒவ்வொரு பிரிவும் முறை வைத்து தினம் பதினைந்து நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டு இன்புற வேண்டும். துணி வெட்டும் பிரிவின் ரோஸ்கோ முதல் நாள் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, எதிரே நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் இரைச்சலைக் கண்ணை மூடிக் கேட்டான்.

"எப்படி இருக்கு ரோஸ்கோ?" என்றார் முதலாளி.

"அலை அடிக்கற மாதிரியே இருக்குங்க. டீசல் வாடை மட்டும் கொஞ்சம் தூக்கல்."

'மனநிறைவு: மிக நன்று' என்று எழுதினேன். நாலாம் நாள் அந்த வட்டாரத்துப் பூனைகளெல்லாம் கடற்கரையின் உண்மையான பயனைக் கண்டுபிடித்துவிட்டன. அதன்பிறகு யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

ஜூன் முடிவதற்குள் நூற்று நாற்பத்தாறு படிவங்கள் வந்துவிட்டன. ஆர்லீனுடையது மட்டும் வரவில்லை. உவக்க வைப்பதற்காக நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் சமையலறையில் என்னை உட்காரவைத்து, கேட்காமலே ஆப்பிள் பலகாரத்தில் ஒரு பெரிய துண்டு வெட்டி வைத்தாள். எதிரே அவள் கணவர் வெண்டெல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என் கையில் இருந்த படிவத்தை, காலாவதியான பாலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஒரே ஒரு வாரம்தானே ஆர்லீன்? அடுத்த வருஷம் போய்க்கலாமே," என்றேன்.

"ஒரு வாரமா? எனக்கு வேண்டியது முக்கா மணி நேரம்ப்பா. மத்ததெல்லாம் போக வர."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் மகன் கர்ட், பெரிய ஏரிகளில் இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பலில் வேலை செய்கிறான். நாலு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. ஆனால் மிச்சிகனின் வடகோடியில், மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்குக் கப்பலை இறக்கும் பெரிய மதகு ஒன்று உண்டு. அங்கே கப்பல் நின்றுதான் ஆக வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் கம்பி வேலி வரை போகலாம். ஒவ்வொரு ஜூலையும் இவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். அவன் கப்பலின் விளிம்புக்கு வருவான்.

"அங்கயும் ஓடிடலாம்னு பாப்பான். கப்பல்லேர்ந்து எங்க ஓடுவான்?" என்றாள்.

"எதுக்கு இவ்வளவு கோபம் அவனுக்கு?"

ஆர்லீன் கணவரைப் பார்த்தாள். வெண்டெல் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கப்பல் வேலைக்குப் போறேன்னான். ஒரு மாசம் தாங்கமாட்டடான்னு சொல்லிட்டேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். நாலு வருஷமாத் தாங்கிக் காட்டிட்டிருக்கான்."

"அங்க போயி ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?"

"இவ பேசுவா. நான் கப்பலப் பாப்பேன். நல்ல கப்பல்."

பலகாரத்தைத் தின்று முடித்தேன். படிவம் வெறுமையாகவே என்னோடு திரும்பி வந்தது. மறுநாள் ஆர்லீனின் விடுமுறை விண்ணப்பத்தை முதலாளியிடம் வைத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'மகனைப் பார்க்க' என்று எழுதியிருந்தாள். அவர் அதன்மேல் 'அத்தியாவசியமன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

நான் விதிகளை மதிப்பவன். அதனால் அன்று பிற்பகல் முழுவதும் கம்பெனி விதிப்புத்தகத்தை மதித்துப் படித்தேன். பதினோராம் பக்கத்தில் கிடைத்தது: புதிய பெட்டி ஒவ்வொன்றும் ஓர் ஊழியரின் கையில், மேற்பார்வையாளர் முன்னிலையில், உண்மையான பயணத்தில் சோதிக்கப்பட வேண்டும். பல வருடமாக யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

"சார், புது நாற்பதாம் மாடலை வெளியூர்ல சோதிக்கணும். ஆர்லீன் தயாரா இருக்காங்க."

"சோதனைன்னா வேலைதானே?"

"கடுமையான வேலை சார். அவங்க கார்லயே போறாங்க."

"மேற்பார்வைக்கு?"

"நான் தியாகம் பண்றேன் சார்."

என் தோளைத் தட்டினார். "இந்த மாதிரி நாலு பேர் இருந்தா நாடு தலை நிமிர்ந்துடும்யா."

அப்படியாக ஜூலை இரண்டாம் வாரம் மூன்று பேரும் ஒரு காலிப் பெட்டியும் வடக்கே புறப்பட்டோம். வழிநெடுக ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும். விடுதியில் இரண்டே அறைகள், சுவர் அட்டை மாதிரி. வெண்டெலின் குறட்டை என்னையும் மேற்பார்வையிட்டது.

மறுநாள் பிற்பகல் மதகுக்கு வந்தோம். அந்த வருடம் பாதிக் கப்பல்களைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். கர்ட்டின் கப்பல் வருமா என்று ஆர்லீன் தகவல் பலகையை ஐந்து தடவை படித்தாள். வந்தது. ஒரு தெருவே மிதந்து வந்து மதகுக்குள் நுழைவதுபோல் இருந்தது. தாதுச் சுமையில் தாழ்ந்து மிதந்த கப்பல்தான், இருந்தும் நாங்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆரஞ்சுச் சட்டையில் தாடி வைத்த ஒரு பெரிய உடம்பு விளிம்புக்கு வந்து நின்றது.

"கர்ட்டு! சாப்பிட்டியாடா?" என்று கத்தினாள் ஆர்லீன்.

"சாப்டேம்மா! அது என்ன சூட்கேஸ்? இங்கயே தங்கப் போறியா?"

"ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்டா! இவரு என் மேலதிகாரி!"

நான் குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கப்பல் மெல்ல மெல்லத் தாழ ஆரம்பித்தது. அவர்கள் பேசப் பேச அவன் இறங்கிக்கொண்டே வந்தான். அத்தை வீட்டுக் கல்யாணம், நாய் செத்தது, கூரை ஒழுகுவது எல்லாம் சொன்னாள். முதலில் அண்ணாந்து, அப்புறம் நேருக்கு நேர். வெண்டெல் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனை செய்ய வேண்டுமே என்று ஆர்லீனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பெட்டியை வேலி ஓரமாக இழுத்து நடந்தாள். பத்தடி தாண்டவில்லை. 'டக்' என்றது. இடது சக்கரம் கழன்று, வேலிக்கு அடியில் நுழைந்து, சுவர் விளிம்பைத் தாண்டி, கப்பல் தளத்தில் போய் விழுந்து, கர்ட்டின் பூட்ஸில் முட்டி நின்றது.

எல்லோரும் அதையே பார்த்தோம். கர்ட் குனிந்து எடுத்தான்.

"சக்கரம் என் பிரிவு இல்ல," என்றாள் ஆர்லீன் அவசரமாக.

அப்போதுதான் வெண்டெல் வேலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். "டேய், அது உங்கம்மா கம்பெனி சக்கரம்டா. பத்தடி தாங்கல." கப்பலை விட்டு அவனைப் பார்த்தார். "நீ நாலு வருஷம் தாங்கிட்ட. நான் சொன்னது தப்புடா."

கப்பல் இன்னும் தாழ்ந்தது. இப்போது குனிந்துதான் அவனைப் பார்க்க முடிந்தது. அவன் தாடி ஆடியது. சிரிக்கிறானா, வேறா என்று மேலிருந்து தெரியவில்லை.

"ஜனவரில ஏரி உறைஞ்சு கப்பலக் கட்டிடுவாங்கப்பா," என்று கத்தினான். "வீட்டுக்கு வரேன். என் ரூம்ல இருக்கற சாமானெல்லாம் எடுத்து வை."

"அதுல நான் தையல் மெஷின் போட்டிருக்கேன்டா!" என்றாள் ஆர்லீன் அழுதுகொண்டே.

சங்கு ஊதியது. கப்பல் போயிற்று, எங்கள் சக்கரத்தோடு. ஆர்லீன் என் குறிப்பேட்டைப் பறித்து அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் அறிக்கையின் முதல் பக்கம் அதனால்தான் கொஞ்சம் மங்கலாக இருக்கும்: 'சோதனை எண் ஒன்று. தளம்: சமமான கான்கிரீட். சக்கரம் சுய விருப்பத்தின் பேரில் பெட்டியை விட்டு விலகியது. சோதனையாளரின் கணவர் எதிர்பாராத விதமாகப் பேசினார். முடிவு: பெருவெற்றி.'

இந்தச் செய்தி தொழிற்சாலையில் எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னபோது ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். மறுநாள் ரோஸ்கோ என் அறை வாசலில் நின்றான்.

"எனக்கும் ஒரு பெட்டிய சோதிச்சாத் தேவலாம்போல இருக்குங்க."

"எந்தத் தளம்?"

"மணல். நிஜ மணல். ஏரிக்கரையில, பூனை இல்லாத மணல்."

அனுமதித்தேன். அடுத்தவள் டென்னசி மலைப்பாதையைச் சோதித்தாள். ஒருவன் பாட்டுக் கச்சேரி மைதானத்தின் சேற்றை. இன்னொருவன் மாமியார் வீட்டை. 'படிக்கட்டில் பெட்டி விரைவாக இறங்கியது, ஏறத் தயங்கியது, எனக்கும் அவ்வாறே' என்று அவன் அறிக்கை சொன்னது. யாரும் ஆடம்பரம் செய்யவில்லை. கூடாரம், அண்ணன் வீட்டு சோபா, நண்பனின் படகுக் கொட்டகை. மூன்று நாள், நாலு நாள். போனவர் வேலையைத் திரும்பி வந்தவர் சேர்த்துச் செய்தார். ஒவ்வொரு தாளிலும் முதலாளி மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் சிலவற்றில் நேரில் துன்புற்றேன். என் முதுகுத் தோல் இருமுறை உரிந்தது.

செப்டம்பரில் எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பாகக் கட்டினேன். கட்டும்போதுதான் கவனித்தேன். தளங்கள் வேறு, ஊர்கள் வேறு. ஒரு வரி மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. சக்கரம் கழன்றது. ஆர்லீன் ஒரு படி மேலே போய், அச்சில் ஒரு தடித்த ஆணி போட்டால் போதும் என்று படமே வரைந்து வைத்திருந்தாள்.

முதலாளி முதல் தாளைப் பார்த்தார். 'இந்த ஆண்டு எடுக்கப்பட்ட விடுமுறை: இல்லை' என்று அதில் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒருத்தர்கூடவா போகல?"

"ஒருத்தர்கூட சார். உள்ள சக்கரத்தப் பத்தி..."

"அது கிடக்கட்டும்யா," என்று கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தியாகம் வெளியே தெரியாமல் போகுமா? நவம்பரில் தொழிலதிபர்கள் சங்கம் ஒன்று, 'பயணங்களைக் குறைப்பது எப்படி' என்று ஐந்து நாள் மாநாடு கூட்டியது. சிறப்புரை எங்கள் மிஸ்டர் கிரேபில். இடம் ஹவாய். மனைவியோடு கிளம்பினார். விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன்.

அவர் வீட்டு வாசலில் சரளைக்கல் பாதை. பெட்டியை நானே இழுத்து வந்தேன். ஆச்சரியம், கல்லென்றும் பாராமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பெருமையாக இருந்தது. யாரோ ஆர்லீனின் ஆணியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, தூக்கிக் கார் டிக்கியில் வைக்கும்போது அடியைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியின் முத்திரை.

"சார், இது நம்ம பெட்டி இல்லையே?"

"நம்ம பெட்டியா?" என்று சிரித்தார். "கேட் தாண்டறதுக்குள்ள சக்கரம் கழண்டுடும்யா. ஆறு வருஷமா அப்படித்தானே? உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். நூற்று நாற்பத்தேழு பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. டிக்கியை மூடினேன். பொருளாதார மந்தம், பொருளாதார மந்தம் என்று இத்தனை நாளாக நாங்கள் மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தது, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டது.