ஏழாவது தட்டில் வந்த இரும்பு

சைனிக்புரி, செகந்திராபாத்
செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. சிவஞானம் அவர்களுக்குத் திருநாவுக்கரசு கைகூப்பி எழுதிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தை நடத்திக் கொடுத்துவிட்டுச் சேலம் போய்ச் சேர்ந்த தாங்களும், சம்பந்தியம்மாவும், உறவினர் இருபத்திரண்டு பேரும் பயணக் களைப்பு தீர்ந்து சுகமாக இருக்க முருகன் அருள்வானாக. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பொய். ஏற்கெனவே உங்களிடம் சொன்ன ஒரு பொய்யையே சமாளிக்க முடியாமல் தவிக்கிறேன், இன்னொன்று வேண்டாம்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்குத் தாங்கள் போன் செய்து, "சம்பந்தி, அந்த ஏழாவது தட்டைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றீர்கள். நான் "சொல்லுங்க" என்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு பதினான்கு தடவை அடித்துப் பார்த்துவிட்டேன், மணி அடிக்கிறதே தவிர எடுப்பார் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், அவசரத்தில் ஏதாவது எழுதி, பயந்து அழித்து, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அங்கே வந்து நின்றால் அது இன்னும் வினை. ஆகவே கூரியரில் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் பழக்க தோஷத்தில் சிவப்பு மையை எடுத்துவிடாமல் முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது தட்டில் சிவப்புக் காகிதம் சுற்றி, மேலே பட்டு ரிப்பன் கட்டி வந்த பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டியது ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு. நிச்சயத்தன்றே மாப்பிள்ளை வீட்டுக்கு விளக்கு போய்விட வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். உள்ளே இருந்ததோ ஒரு ஜோடி இரும்புச் சக்கரம். இதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்று நேற்று மாலை உட்கார்ந்தேன். முதல் தாளில், "அது வீட்டு வாசலில் புதைக்கிற வாஸ்துத் தகடு" என்று எழுதினேன். என் மனைவி கிரிஜா படித்துவிட்டு, "தலைமையாசிரியர் நம்புவாரா? ஒரு ஆறாங்கிளாஸ் பையன் நம்ப மாட்டான்" என்று கிழித்தாள். இரண்டாம் தாளில், "ரயில்வேயில் நான் ஓய்வுபெற்றபோது தந்த நினைவுப் பரிசு" என்று எழுதினேன். அதையும் கிழித்தாள். இது மூன்றாம் தாள். இனி உண்மை.

அவை பிரேக் டிஸ்க். கார் சக்கரத்துக்கு உள்ளே, அதோடு சேர்ந்து சுற்றுகிற தகடு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் கட்டை வந்து அதைக் கவ்வும், வண்டி நிற்கும். அந்தக் கார் என்னுடையது இல்லை, என் பெண் பூர்ணாவுடையது.

பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா கேட்டார்கள், "பொண்ணுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று. நான் என்ன சொன்னேன்? "ஆபீசுக்கு மட்டும் ஓட்டுவா, நாற்பதைத் தாண்ட மாட்டா" என்றேன். கேசரித் தட்டை ஏந்திக்கொண்டு பூர்ணா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. ஆபீசுக்குப் போகும்போது நாற்பதைத் தாண்ட மாட்டாள் என்பது சத்தியம், கச்சிபௌலி டிராபிக்கில் யார்தான் தாண்ட முடியும்? ஆனால் வருஷத்தில் மூன்று தடவை அதே காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்குக்குப் போய், தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, எந்த வேகத்தில் ஓட்டுகிறாள் என்பதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் வீட்டு மின்விசிறிகூட அவ்வளவு வேகமாகச் சுற்றாது. போகும்போதும் வரும்போதும் உங்கள் ஊர் பைபாஸ் வழியாகத்தான் போகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் முன்பக்க டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன. எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நான் வெறுமனே அளந்து மட்டும் பார்த்தேன். ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் கோச்சுகளுக்குப் பிரேக் பரிசோதித்தவன், வீட்டில் தேய்ந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஓரத்தில் 'இதற்குக் கீழே தேயக் கூடாது' என்று ஒரு அளவு பொறித்திருப்பார்கள். அதற்கு ஒரு மில்லிமீட்டர்தான் பாக்கி. ரோட்டுக்குத் தாங்கும், டிராக்குக்குத் தாங்காது. ஆக, புதிது வாங்க வேண்டும். இங்கே ஆரம்பித்தது தலைவலி.

ஏனென்றால் சம்பந்தி, ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே டிஸ்க் வேண்டும் என்பது, பத்தியத்துக்கும் விருந்துக்கும் ஒரே சமையல் கேட்பது மாதிரி. காலையில் குளிர்ந்த டிஸ்க், முதல் சிக்னலிலேயே சத்தம் போடாமல் பிடிக்க வேண்டும். டிராக்கிலோ அது சிவந்து போகிற சூட்டிலும் வளையாமல், வெடிக்காமல் பிடிக்க வேண்டும். கடைக்காரர் மூன்று மாதிரி காட்டினார். ஒன்று வழவழப்பானது. ஒன்று முழுக்க ஓட்டை போட்டது. ஒன்று கோடு கோடாகக் காடி வெட்டியது. ஓட்டை போட்டதுதான் பார்க்க லட்சணம். கிரிஜா அதைப் பார்த்துவிட்டு, "காசு கொடுத்து ஓட்டையை வாங்குவாங்களா?" என்றாள். என் அக்கா, "இடியாப்பம் பிழியலாம் போலிருக்கே" என்றாள். நான்தான் சொன்னேன், "அந்த அழகெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம், டிராக் சூட்டில் ஓட்டைக்கு ஓட்டை வெடிப்பு ஓடும்" என்று. வழவழப்பானது போதும் என்பது என் கட்சி. காடி வெட்டினதுதான் வேண்டும் என்பது பூர்ணா கட்சி. "காடி இருந்தா கட்டையோட தூசி எல்லாம் வழிச்சுக்கிட்டுப் போயிடும் டாடி, ஒவ்வொரு தடவையும் ஃபிரெஷ்ஷா பிடிக்கும்" என்கிறாள். "கட்டை சீக்கிரம் தேயும், சத்தமும் வரும்" என்றேன் நான். "வரட்டும்" என்றாள். சாப்பாட்டு மேசையில் சாம்பார் ஆறியது. மாப்பிள்ளையை முடிவு செய்ய மூன்று வாரம்தான் ஆயிற்று, டிஸ்க்கை முடிவு செய்ய மூன்று மாதம் ஆயிற்று. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மாப்பிள்ளையிடம் குறை எதுவும் தென்படவில்லை என்பதே காரணம். கடைசியில் நல்ல இரும்பு, உள்ளே காற்றுப் போக வழி, ஆழமில்லாத காடி என்று இருவரும் சமாதானமாகி வரவழைத்தோம். அதுதான் உங்கள் கூடத்தில் இப்போது இருக்கிறது.

எப்படி அங்கே வந்தது என்றால், எல்லாம் என் அக்காவால். பதினொரு தட்டுக்கும் அவள்தான் பொறுப்பு. சாப்பாட்டு மேசைக்கு அடியில் இரண்டு பழுப்புப் பெட்டி இருந்தது. ஒன்றில் விளக்கு, ஒன்றில் டிஸ்க், இரண்டும் ஒரே கனம். கண்ணில் புரை, ஆபரேஷன் பண்ணிக்கொள் என்றால் கேட்பதில்லை. மாற்றிச் சுற்றிவிட்டாள். மண்டபத்தில் உங்கள் பெரியம்மா அந்தத் தட்டைத் தூக்கப் போய், "அம்மாடி!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "என்ன கனம்! வெள்ளிதான், சந்தேகமே இல்ல. பொண்ணு வீட்டுக்காரங்க மனசு பெரிய மனசு" என்று அவர்கள் ஊருக்கே கேட்கச் சொன்னதும், நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டதும் நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஸ்டேஷனில் அதைத் தலையில் ஏற்றிய போர்ட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நேற்று நான் மிச்சப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டிஸ்க் மாட்டக் கொண்டாப்பூரில் அப்துல் காதர் பட்டறைக்குப் போனேன். வாணியம்பாடிக்காரர், தங்கமான மெக்கானிக். காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். பிறகு ஒரு குத்துவிளக்கைத் தூக்கிப் பிடித்து, "கைக்கு சார், எதுக்கு இது? முன்னாடி ஹெட்லைட் ரெண்டும் நல்லாத்தானே எரியுது?" என்றார். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் உங்கள் போன் வந்தது.

சம்பந்தி, உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். விளக்கு வர வேண்டிய வீட்டுக்கு இரும்பு வந்தது ஒரு பக்கம், பெண்ணைப் பற்றி நான் மறைத்தது ஒரு பக்கம். அதற்காகக் கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டாம். நிச்சயம் நின்ற பெண் என்ற பேரைச் சுமக்க அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்தவன் நான். ஆவணியில் கல்யாணத்துக்குள் அந்தக் காரை விற்றுவிடுகிறோம். இனி டிராக் என்ற பேச்சே இருக்காது. இன்று காலை அவளிடமே கேட்டுவிட்டேன், "வண்டியை வித்துடலாமாம்மா?" என்று. பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம். குத்துவிளக்கை இன்றே அனுப்பிவைக்கிறேன். அந்த இரும்பைத் திருப்பி அனுப்பக்கூட வேண்டாம், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுங்கள். அதுவரை சம்பந்தியம்மா விளக்கு என்று நினைத்து அதைப் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், துருப் பிடிக்கும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி, பெரியம்மாவின் இடுப்புக்குத் தைலம் ஒரு பாட்டில் இத்துடன். தங்கள் வாயிலிருந்து ஒரு 'சரி' வரும்வரை இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

தங்கள் அன்பையே நம்பியிருக்கும்,
தி. திருநாவுக்கரசு

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் பூர்ணா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "லேது டாடி, அப்படி இல்ல. பாவம், அத்தையை எதுக்குத் திட்டறீங்க? பெட்டியை மாத்தினது நான்தான்" என்றாள். நிச்சயத்தன்று காலை, நாங்கள் பூ வாங்கப் போயிருந்தபோது, தெரிந்தே மாற்றி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். அவர், "கல்யாணம் முடியட்டும், அப்பா அம்மாகிட்ட மெதுவா சொல்லிக்கலாம்" என்றாராம். இவளுக்கு அது பிடிக்கவில்லை. பெட்டியின் அடியில், அட்டைக்குக் கீழே ஒரு சீட்டு இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் தமிழே படிக்காதவள், ஒரு வாரம் எழுதிப் பழகி எழுதியது. நகலைக் காட்டினாள், அப்படியே தருகிறேன்:

'மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். இது என் காரின் பிரேக் டிஸ்க். நான் ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். வேகமாக ஓட்டுவேன். நன்றாக நிறுத்துவேன். டாடி பயந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டார், அவரைக் கோபிக்க வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறமும் ஓட்டுவேன். உங்களுக்குச் சம்மதமா என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பூர்ணா.'

இதைப் படித்ததும் கிரிஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளுக்கு இருக்கிற தைரியத்துல பாதி உங்களுக்கு இருந்திருக்கலாம்" என்றாள். உண்மைதான். முப்பத்து நாலு வருஷம் யார் யாரோ ஏறிப் போகிற ரயிலுக்குப் பிரேக் பார்த்தவன், பெற்ற பெண்ணின் வண்டிக்கு இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு டிஸ்க் தேடிய அந்த மூன்று மாதம்போல நான் சந்தோஷமாக இருந்து ரொம்ப காலம் ஆயிற்று. ஆகையால் மேலே எழுதியதில் என் அக்கா கண் புரை, கார் விற்பனை, பழைய இரும்புக்காரன், மௌனம் சம்மதம் ஆகிய நான்கையும் அடித்துவிடவும். இப்போது தாராளமாகச் சிவப்பு மையை எடுக்கலாம்.

வருகிற பதினெட்டாம் தேதி அவளுக்கு டிராக் நாள். பழைய டிஸ்க்கோடு சேலம் வரை மெதுவாக வருவோம், நானும் கூட வருகிறேன். பதினேழாம் தேதி மாலை நாலு மணிக்கு உங்கள் வாசலில் நிற்போம். ஜாக்கியும் ஸ்பானரும் நான் கொண்டு வருகிறேன், குத்துவிளக்கும் இன்று கூரியரில் அல்ல, வண்டியிலேயே வரும். நீங்கள் கதவைத் திறந்தால் விளக்கைக் கையில் கொடுத்துவிட்டு உங்கள் வாசலிலேயே டிஸ்க்கை மாட்டிக்கொள்கிறோம், டிராக்குக்குக் கூட வருவதானால் பின் சீட்டில் உங்கள் இருவருக்கும் இடம் இருக்கிறது. திறக்க மனமில்லை என்றால் டிஸ்க்கை மட்டும் வாசலில் வைத்துவிடுங்கள். அது இல்லாமல் அவளை டிராக்கில் இறங்க விட மாட்டேன். டிராக்கில் ஓட்டாமல் அவளைத் திரும்ப வீட்டுக்கும் அழைத்து வர மாட்டேன்.