வேங்கிக்கால் கண்டக்டரும் டிக்கெட் வாங்கிய குழந்தைகளும்

குழந்தைகள் காப்பகத்துக்கு உரிமம் வேண்டுமென்றால், அங்கே விடப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும். இது விதி. எங்கள் ஊரில் இந்த விதியை அப்பட்டமாக மீறியவர் ஒருவர்தான். அதன் உயிரை ஒரு நாள் விடாமல் காப்பாற்றியவரும் அவர் ஒருவர்தான். அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். மற்றபடி வேங்கிக்கால் முழுக்க அவர் கண்டக்டர்.

வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் மகள், வீட்டில் சும்மா இருக்கும் என்னை நம்பித் தன் பெண்ணை விட்டுப் போகவில்லை. கண்டக்டரை நம்பி விட்டுப் போனாள். "அப்பா, நீங்க பேப்பர் படிச்சிட்டு இருப்பீங்க, அவ கேட்டைத் தாண்டிப் போயிடுவா" என்றாள். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

கலெக்டர் ஆபீசுக்குப் பின்தெருவில் இருந்தது அவர் வீடு. பேருந்தில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், வீட்டின் முன்கூடத்தைப் பேருந்தாகவே மாற்றிவிட்டார். இரண்டு வரிசை பெஞ்சு, நடுவில் நடைபாதை. ஜன்னலோர இடத்துக்குக் காலையிலேயே தகராறு நடக்கும். "சார், இவன் லேடீஸ் சீட்டுல உக்காந்துட்டான்" என்று மூன்று வயதுப் பெண் ஒன்று புகார் கொடுக்கும். விசில் ஒன்று ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும். இரண்டு ஊதினால் நகரலாம். மதியத் தூக்கத்துக்கு அவர் செய்யும் அறிவிப்பு: "வண்டி ஒரு மணி நேரம் நிக்கும். யாரும் கீழ எறங்கக் கூடாது."

சமைப்பது, ஊட்டுவது, கழுவிவிடுவது, அழுகிறவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றுவது எல்லாம் அவர் மனைவி. அவரை ஊரே டிரைவரம்மா என்றது. வண்டி யார் கையில் ஓடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, கண்டக்டருக்கும்தான்.

என் பேத்தி ஒரே மாதத்தில் தேறிவிட்டாள். வீட்டுக்கு விருந்தினர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்பாள். நான் நாற்காலியில் கண்ணயர்ந்தால் தோளைத் தட்டி, "கடைசி ஸ்டாப்பிங் பெரிசு, எறங்கு" என்பாள். இந்த இரண்டாவது வாசகத்தை அவள் அவரிடமிருந்துதான் கற்றாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

முக்கியமான விஷயம் டிக்கெட். வண்ண அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி வைத்திருப்பார். காலையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்து, பாதியைக் குழந்தையிடமும் பாதியை அம்மாவிடமும் கொடுப்பார். மாலையில் அம்மா வந்து தன் பாதியைத் திருப்பிக் கொடுத்தால்தான் குழந்தை இறங்கும். ஒரு நாள் பேத்தியைப் பார்க்கலாம் என்று உள்ளே காலை வைத்தேன்.

"டிக்கெட் இருக்குதுங்களா சார்?"

"நான் இவளோட தாத்தா."

"ஸ்டாஃபா இருந்தாலும் டிக்கெட் இல்லாம ஏத்தறதில்ல சார். செக்கிங் வந்தா என் வேலை போயிடும்."

வாசலிலேயே நின்று அவரிடம் விளக்கம் கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டிக்கெட் கைல இருந்தா அது பயணி. பயணிக்கு ஒண்ணுன்னா வண்டி பொறுப்பு. அதான் சார் இன்சூரன்ஸ்."

"அது அரசுப் பேருந்துய்யா. அதுக்குப் பின்னால அரசாங்கம் இருக்கு. உங்க பின்னால யார் இருக்கா?"

அவர் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். "டிரைவரு இருக்காங்க."

சட்டப்படி அந்த அட்டைக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் அதற்கு இருந்த மதிப்பு, நான் பணிக்காலத்தில் முத்திரை குத்திய பல காகிதங்களுக்கு இருந்ததில்லை. செல்வி என்று ஒரு பெண். கலெக்டர் ஆபீசில் ஒப்பந்தத் தட்டச்சர். கணவர் லாரியோடு பாதி மாதம் வெளியூரில் இருப்பார். டிக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் நடக்கும் நடையே வேறு. அதிலும் பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காக ஊரில் சாலைகளை அடைத்துவிடுவார்கள். பேருந்துகள் ஊருக்கு வெளியே நின்றுவிடும். ஆயாக்கள் வரமாட்டார்கள். இருந்த ஒன்றிரண்டு பிள்ளைக்கூடங்களும் அன்று பூட்டிவிடும். கண்டக்டர் மட்டும் வாசலில் பலகை மாட்டுவார்: 'பௌர்ணமி சிறப்புப் பேருந்து. விடிய விடிய உண்டு.'

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, அரசாங்கம் உதவி செய்யக் கிளம்பியதும் நின்றது.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காகக் காப்பகங்களைப் பெருக்கப்போகிறோம், நடத்துகிறவர்களுக்கு இடமும் பாலும் தருகிறோம் என்று உள்ளாட்சி அறிவித்தது. கண்டக்டர் பெருமையாக விண்ணப்பித்தார். விண்ணப்பத்தைப் படித்த அலுவலகம், இப்படி ஒரு காப்பகம் இருப்பதையும் அதற்குக் காப்பீடு இல்லாததையும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தது. காப்பீட்டுப் பத்திரம் வந்தால்தான் உரிமம் என்றது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் பார்வையிட வந்தார். அவருக்கும் டிக்கெட் கொடுத்து, ஜன்னலோரம் உட்காரவைத்தார் கண்டக்டர்.

"இங்க ரிஸ்க் என்னென்ன சார்?" என்றார் இளைஞர்.

"எல்லாமே ரிஸ்க்குதான் தம்பி. ரெண்டாவது சீட்டு, மூக்குல பட்டாணி போட்டுக்குவான். அவனுக்குப் பின்னாடி இருக்கறது கடிக்கும். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

உள்ளதை உள்ளபடி சொன்னதில் பாதி வேலை கெட்டது. உரிமம் இருந்தால்தான் காப்பீடு என்று இளைஞர் சொன்னதில் மீதியும் கெட்டது. இந்தச் சுற்றுக்குக் கிரிவலம் எவ்வளவோ தேவலை. அது பதினாலு கிலோமீட்டரில் முடிந்துவிடும்.

கடைசியில் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆடிப் பௌர்ணமிக்குள் காப்பகத்தை மூட வேண்டும். காப்பகங்களைப் பெருக்கும் திட்டத்தில் அதுவரை நடந்த ஒரே வேலை அதுதான்.

செல்வி அதைப் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கண்டக்டர் அண்ணா, நீங்க மூடிட்டீங்கன்னா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான். ஏற்கனவே லீவு ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்க."

"யாரு மூடறது? வண்டி பாதி வழியில நிக்குதும்மா. பயணிங்களை ரோட்டுல எறக்கி விடுவாங்களா?"

வாய் அப்படிச் சொன்னாலும் அந்த வாரம் விசில் சத்தம் கம்மியாகத்தான் இருந்தது.

பௌர்ணமியும் வந்தது. சிறப்புப் பேருந்துப் பலகையை மாட்டலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். செல்வியின் பையன் உள்ளே இருந்தான். என் பேத்தியும்தான். அப்போது ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினார். நோட்டீசில் கையெழுத்திட்ட அதிகாரி. பூட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு குட்டிப் பெண்ணை இறக்கினார்.

"ஐயா, எங்க வீட்ல குழந்தையைப் பாத்துக்கற அம்மா வரல. ரோடெல்லாம் அடைச்சுட்டாங்க. எனக்கு விடியற வரைக்கும் கிரிவலப் பாதையில தண்ணி டியூட்டி..." அவர் கையெழுத்து கதவிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் இடத்தில் நான் இருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று மூன்று பத்தி மனசுக்குள் தயாராகிவிட்டது. அவர் குனிந்து குழந்தையிடம் கேட்டார்.

"உம் பேரு இன்னா?"

"தியா."

ஓர் அட்டையைக் கிழித்தார். "ஜன்னல் சீட்டு காலி இல்ல. டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கறியா?"

"ஐயா, அந்த நோட்டீஸ்..." என்றார் அதிகாரி.

"அது வண்டிக்கு மேடம். குழந்தைக்கு இல்ல."

உள்ளேயிருந்து டிரைவரம்மாவின் குரல் வந்தது: "ஏங்க, பாப்பா சாப்டுச்சான்னு கேளுங்க மொதல்ல."

விடிந்ததும் பேத்தியை அழைத்துவரப் போனேன். அதிகாரி கால் வீங்கி, லேடீஸ் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தியா டிக்கெட்டைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி டிரைவரம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க ரெவின்யூல இருந்தவராமே. இதுக்கு வழியே இல்லையா?"

என் பணிக்காலம் முழுக்க எந்த அதிகாரியும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வாசலில் விறைப்பாக நின்று பதில் சொன்னேன்: "குழந்தைக்குக் காப்பீடு இருக்கணும்னுதான் விதி சொல்லுது. அதைக் காப்பகம்தான் எடுக்கணும்னு எங்கயும் இல்லைங்க. உள்ளாட்சியே எல்லாக் குழந்தைக்கும் சேர்த்து எடுக்கலாம்."

"முன்மாதிரி இருக்குதா சார்?"

"நீங்க எழுதினா இருக்கும்."

எழுதினார். மறுநாளே அவகாசம் கொடுத்து நோட்டீசை நிறுத்தி வைத்தார். கோப்பு கிளம்பியது. ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசி மழையில் கதவிலிருந்த நோட்டீஸ் தானாக உரிந்தது. செல்வி நாள் தவறாமல் வேலைக்குப் போனாள்.

ஒரு மாலை பதில் வந்தது. உள்ளாட்சி எல்லையில் உள்ள எல்லாக் காப்பகக் குழந்தைகளுக்கும் உள்ளாட்சியே விபத்துக் காப்பீடு எடுக்கும். உரிமமும் உண்டு, பாலும் உண்டு. காப்பீட்டுக்குப் பயந்து தயங்கிக்கொண்டிருந்த இன்னும் சிலர் பிறகு காப்பகம் திறந்ததற்கு இதுதான் காரணம். தமிழ்நாட்டில் வேறெங்கும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் உண்டு. அதன் முதல் வரியை ஒரு கண்டக்டர் அட்டையில் எழுதினார்.

பதிலை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இரண்டு விசில் ஊதினார். குழந்தைகள் நடைபாதையில் ஓடின. நான் வழக்கம்போல வாசலில் நின்றேன்.

"உள்ள வாங்க சார்."

"டிக்கெட் இல்லையே."

அட்டைப் பெட்டியைத் துழாவினார். தீர்ந்துபோயிருந்தது. சுவரிலிருந்த நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து என் கையில் வைத்தார். "வெச்சுக்குங்க. இனிமே உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க பொறுப்பு."

அந்த வீட்டில் அன்று மாலையே மறுநாள் வந்துவிட்டது. எனக்கென்று ஒருவர் எடுத்துக் கொடுத்த ஒரே காப்பீடு, இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. பத்திர எண் கிடையாது. தேதி மட்டும் உண்டு: கார்த்திகை முதல் நாள்.