மூன்றாவது சுற்றுக்குக் கண்டக்டர்

மாண்பும் மகிமையும் பொருந்தியவரும், நான் போட்ட கடைசி இரண்டு கடிதங்களுக்கும் இன்னும் பதில் போடாதவருமான அத்தான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சுகம். அங்கே கடலும், கடல்மேல் கப்பலும், கப்பலின் வயிற்றுக்குள் இயந்திரங்களோடு வேலை செய்யும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோருகிறோம்.

முதற்கண் ஒரு துயரச் செய்தி. அடியேனின் இடது கால் கட்டைவிரல் நகம் நேற்று மாலை நாலரை மணியளவில், உற்றார் யாரும் அருகில் இல்லாத நேரத்தில், அமைதியான முறையில் கழன்று விழுந்தது. மாரத்தானில் பறிகொடுத்தது என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், கட்டில் காலில் இடித்துக்கொண்டதுதான். அனுதாபச் செய்திகள் வரவேற்கப்படுகின்றன.

இனி நீங்கள் கேட்கக் காத்திருக்கும் விஷயம். அக்கா மாரத்தானை முடித்தாளா இல்லையா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதீர்கள், அது என் எழுத்துக்குச் செய்யும் அவமரியாதை. அக்காவை எழுதச் சொன்னால் "ஓடினேன், கால் வலிக்கிறது" என்று மூன்றே வார்த்தையில் தந்தி அடித்துவிடுவாள் என்பதால் இந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். நீங்கள் கப்பல் ஏறும்போது உங்கள் மகன் சமர்த்தாகப் பாட்டிலில் குடித்துக்கொண்டிருந்தார் அல்லவா, அதற்குப் பிறகு கட்சி மாறிவிட்டார். இப்போது பாட்டிலைக் காட்டினால், லஞ்சம் கொடுக்க வந்தவனைப் பார்க்கிற அதிகாரி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டில் ஐந்து பேரும் அவருக்காகவே வேலை பார்ப்பதால் அவருக்கு முதலாளி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருநாள் காலையில் அக்கா, ஒரு தோளில் முதலாளியும் இன்னொரு தோளில் துண்டுமாக நின்றுகொண்டு, "அம்மா, எனக்குக் கால் எதுக்கு இருக்குன்னே மறந்து போச்சு. தொட்டில்லேருந்து அடுப்படி, அடுப்படியிலேருந்து தொட்டில். இன்னும் ஏழு மாசத்துல லேபுக்கு வேலைக்குப் போயிட்டா அதுவும் பஸ்ஸுலதான். அதுக்குள்ள நான் ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள். "எங்கடி போகணும்?" என்று அம்மா கேட்டாள். "நாப்பத்திரண்டு கிலோமீட்டர்" என்றாள் அக்கா. அம்மா, அது ஏதோ ஊர் என்று நினைத்து, "போயிட்டு சாயங்காலம் வந்துருவியா?" என்றாள்.

டாக்டர் அம்மா பரிசோதித்துப் பார்த்து, ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி எடுத்தால் ஓடலாம், பிள்ளையை மட்டும் பட்டினி போடாதே என்று சொல்லிவிட்டார். பயிற்சியாளர் வேண்டுமே. நான் அலைபேசியில் மாரத்தான் சம்பந்தமாகப் பதினோரு வீடியோ பார்த்திருந்தேன், அதில் ஒன்றை முழுசாக. ஆகவே தலைமைப் பயிற்சியாளர் பதவியை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என் கணக்கில் ஓட்டை, இங்கே அக்காவின் ஓட்டத்தில் என் கணக்கு. விளைவை நீங்களே ஊகிக்கலாம்.

ஏரியைச் சுற்றி மூன்று சுற்று, சுற்றுக்குப் பதினாலு கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்குத் தொடக்கம், பதினோரு மணிக்கு முடிவு. பதினோரு மணி அடித்தால் தடுப்பை எடுத்துவிட்டு லாரிகளை விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் வந்தால் பதக்கமும் கிடையாது, பட்டியலில் பெயரும் கிடையாது, காலையில் நடக்கப்போன பெண்மணி என்றுதான் கணக்கு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நூலக வாசலைக் கடக்க வேண்டும், அங்கே முதலாளியை வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருப்பது என்று ஏற்பாடு. உங்கள் அம்மா, என் மதிப்புக்குரிய அத்தை, இருபது வருடத் தையல் அனுபவத்தைத் திரட்டி அக்காவுக்கு ஓட்டச் சட்டை ஒன்று தைத்தார்கள். பொத்தான் கிடையாது, கொக்கி கிடையாது, இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டைதான். பர்ர்ர் என்று சத்தம் கேட்டதும் முதலாளி தானாக வாயைத் திறக்கிற அளவுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டார். பிரச்சினை என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பையன் ஒட்டுப்பட்டைச் செருப்பைக் கழற்றினாலும் இவர் வாயைத் திறக்கிறார்.

அப்பா முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். இருந்தவர் என்ன, ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் குளியலறைக் கதவில் புறப்பாட்டு அட்டவணை தொங்குகிறது, எனக்கு ஆறு நாற்பது, தவறினால் மாலைதான். அக்காவுக்கும் ஓர் அட்டவணை போட்டார். நூலக வாசல் வருகை ஆறு ஐம்பது, பால், புறப்பாடு ஏழு. மறுபடி வருகை எட்டு ஐம்பது, பால், புறப்பாடு ஒன்பது. கடைசிச் சுற்று முடிந்து சேர்விடம் பத்து ஐம்பத்தைந்து. கையில் ஐந்து நிமிடம் மிச்சம். இதற்கு நடுவில் தலைமைப் பயிற்சியாளர் அக்காவின் காதில் ரகசியமாக ஓர் ஆலோசனை சொன்னார்: "முதல் சுத்துல பிச்சுக்கிட்டு ஓடிடு. நேரத்தை முன்னாடியே சேர்த்து வச்சுக்கலாம்." பதினோரு வீடியோவிலும் செய்யாதே என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. நான் பார்க்காமல் விட்ட பாகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா பிய்த்துக்கொண்டு வந்தாள். ஆறு முப்பத்தைந்துக்கு நூலக வாசலில் நிற்கிறாள், முகம் பொரிந்த மாதிரி சிவந்திருக்கிறது. முதலாளியோ அத்தை மடியில் அசந்து தூங்குகிறார். "எழுப்புங்க, கொடுத்துட்டு ஓடிடுறேன்" என்றாள் அக்கா. அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார். டிப்போவில் ஒரு விதி உண்டாம், நேரத்துக்கு முன்னால் வந்த வண்டியை நேரம் ஆகும்வரை நிறுத்திவைக்க வேண்டும், விட்டால் அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏற மாட்டான்.

"அப்பா, நான் பஸ் இல்லப்பா."

"பஸ்ஸா இருந்தா சொன்னபடி கேட்டிருக்கும். உக்காரு."

"நேரம் போகுதுப்பா."

"நேரம் எங்கயும் போகாது. என் கையிலதான் இருக்கு" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

அம்மா என் பக்கம் திரும்பி, "இவளை யாரு இவ்ளோ வேகமா ஓடச் சொன்னது?" என்றாள். நான் ஏரியில் கொக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், அத்தை கெண்டைக்காலைப் பிடித்துவிட்டார்கள். ஆறு ஐம்பதுக்கு முதலாளி கண் விழித்தார், பர்ர்ர், வாய் திறந்தது, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சரியாக ஏழுக்கு அப்பா விசில் ஊதினார். அக்காவோடு பிய்த்துக்கொண்டு வந்த இரண்டு பேர், இரண்டாவது சுற்றில் ஓரமாகக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவளே பார்த்தாளாம். இதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குள்ளும் விசில் வரும்.

இரண்டாவது சுற்றின்போது முதலாளி எட்டரை மணிக்கு அழ ஆரம்பித்தார். அம்மாவும் அத்தையும் ஐஸ் வாங்கப் போயிருந்தார்கள், அப்பா பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிள்ளை என் கையில். ஒட்டுப்பட்டைச் செருப்பைப் பர்ர்ர் என்று இழுத்துக் காட்டினேன், வாயைத் திறந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை என்றதும் இன்னும் கத்தினார். என்னிடம் ஒரு வாழைப்பழம் இருந்தது. ஒரு துளி மசித்துக் கொடுத்தேன். ஒரு துளி என்பது, அவருக்குப் பாதி எனக்குப் பாதியாக, முழுப் பழத்தில் போய் முடிந்தது. எட்டு ஐம்பத்து நாலுக்கு அக்கா வந்தாள், பால் கட்டி மேலே ஒரே பாரம், வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பர்ர்ர். முதலாளி வாயைத் திறந்தார், கொட்டாவி விட்டார், மூடிக்கொண்டார்.

"என்னாச்சு இவனுக்கு?" என்று அக்கா குரல் உடைந்தது.

அத்தை குனிந்து பிள்ளையின் மோவாயை முகர்ந்து பார்த்தார்கள். "சம்பந்தி, இவன் வாழைப்பழம் வாசம் அடிக்கிறான்."

"இவனும் அடிக்கிறான்" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

அங்கே அத்தனை பேர் இருந்ததால் உயிர் தப்பினேன். கெஞ்சி, கொஞ்சி, பாட்டுப் பாடி, கடைசியில் அக்கா சும்மா கண்ணை மூடிக்கொண்டு அவர் முதுகைத் தடவியதும் குடித்தார். மணி ஒன்பது ஆறு. அப்பா அட்டவணையைப் பார்த்தார், விரலை மடக்கினார், இதே வேகத்தில் போனால் பதினோரு மணி ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம், அத்தான். அக்கா ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அப்பாவுக்கு அப்போதுதான் இன்னொரு டிப்போ விதி ஞாபகம் வந்தது. கண்டக்டர் இல்லாமல் கடைசி வண்டி வெளியே போகக் கூடாது. "டேய், இறங்கு" என்றார். அங்கிருந்த தன்னார்வலரிடம் கேட்டோம், வீட்டு ஆள் ஒருவர் நடைபாதையில் கூடவே போகலாம், பாதைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். விசில் அடித்தது.

பிறகு நடந்தது சரித்திரம். பதினாலு கிலோமீட்டரும் அக்காவுக்குப் பக்கத்திலேயே ஓடினேன். அவள் தளர்ந்தபோதெல்லாம் சிரிக்கவைத்தேன், மூச்சை எண்ணிக் கொடுத்தேன், என் தண்ணீரை அவளுக்குக் கொடுத்தேன். சேர்விடத்தில் கடைசி இருநூறு மீட்டர் நாங்கள் இருவரும் சேர்ந்து வந்த காட்சியைக் கண்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அத்தை ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கைதட்டினார்கள், அப்பா தன் நோட்டில் "சேர்விடம் 10.58. கண்டக்டர் உடன் வந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆம் அத்தான், உங்கள் மனைவி முடித்துவிட்டாள். இரண்டு நிமிடம் மிச்சம். பதக்கம் இப்போது முதலாளியின் வாயில் இருக்கிறது.

கடலும் இயந்திரங்களும் உங்களுக்கு அடங்கி நடக்கட்டும். அம்மா, அப்பா, அத்தை மூவரின் ஆசிகளும், முதலாளியின் எச்சில் முத்தமும், தலைமைப் பயிற்சியாளரின் வணக்கமும் இத்துடன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: அக்கா மேற்படி கடிதத்தைப் படித்துவிட்டாள். "கடைசிச் சுத்தை நீ ஒழுங்கா எழுதுறியா, இல்ல நான் எழுதட்டுமா?" என்கிறாள். நானே எழுதுவது நல்லது. அத்தான், நான் ஓடியது இரண்டு கிலோமீட்டர். அதற்குள் விலாவில் கத்தி குத்தின மாதிரி வலி, ஒரு பங்ச்சர் கடை வாசலில் வாந்தி எடுத்துவிட்டேன். அக்கா நின்றாள். தன் தண்ணீரை எனக்குக் கொடுத்தாள், கடைக்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி என்னை உட்காரவைத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள். நாலு நிமிடம் போயிற்று. ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகும் வேன் வந்து என்னை அள்ளியது, அக்காவுக்கு முன்னாலேயே சேர்விடம் போய்ச் சேர்ந்தேன். தடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அவள் வந்ததும் கூடவே ஓடினேன். அந்த இருநூறு மீட்டர் மட்டும் நிஜம். இத்தனை நாள் அக்கா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாலு நிமிடத்தை எப்படி ஈடுகட்டினாய் என்று நேற்று கேட்டேன். "உன்னை உக்கார வச்சுட்டுத் திரும்பினேன்டா. பத்து மாசத்துல முதல் தடவையா பின்னாலேருந்து யாரும் என்னைக் கூப்பிடல. அப்படியே ஓடிட்டேன்" என்றாள். உண்மை என்னவென்றால் நான் கூப்பிட்டேன், அத்தான். மூன்று தடவை கூப்பிட்டேன். தொண்டையில் வாழைப்பழம், குரல் வெளியே வரவில்லை. இந்தக் கடைசி நாலு வரியை அவள் படிப்பதற்குள் உறையை ஒட்டிவிடுகிறேன், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.