எட்டுச் சீட்டும் கால் கிலோ பால்கோவாவும்

கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது. வீட்டுக்காரி பொன்மணி அடுப்படியில்தான் இருக்கிறாள். தாளிக்கிற சத்தத்திலும் என் பேச்சு மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்கும்.

என் பெயர் சோலைச்சாமி. வயசு ஐம்பத்திரண்டு. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோனில் எடை போடுகிற வேலை. மூட்டை தூக்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். லாரி தானாக மேடையில் ஏறும், தானாக இறங்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்குவேன். சீட்டு வரும். கிழித்துக் கொடுப்பேன். இருபத்தாறு வருசமாக என் உடம்பில் உழைத்த ஒரே உறுப்பு வலது கை ஆள்காட்டி விரல். அது மட்டும் இன்னும் ஒல்லியாக இருக்கிறது.

ஊரான் பஞ்சையெல்லாம் எடை போட்ட என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா எடை போட்டார். எண்பத்து நாலு. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ரெண்டு மாசத்தில் அஞ்சு கிலோவாவது குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சபதம் எடுத்தேன். அஞ்சு என்ன அஞ்சு, எட்டுக் கிலோ. விடிந்தால் நடை. மறுநாள் ஊருக்கு அஞ்சு மணிக்கு விடிந்தது. எனக்கு எட்டுக்குத்தான் விடிந்தது.

பொன்மணி வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள். காலையில் கம்பங்கூழ், ராத்திரி கொள்ளு ரசம். அதுகூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கொழம்பு கிடையாது என்றாள். ஆறு நாளை நான் ஓட்டுவதே அந்த ஏழாம் நாளை நம்பித்தான். கெஞ்சினேன். கொஞ்சம் இறங்கி வந்தாள்.

“எட்டுக் கிலோன்னு நீங்கதான சொன்னிய. வாரம் ஒரு கிலோ. சனிக்கெழம சீட்டு கொண்டாங்க. கொறஞ்சிருந்தாக் கறி. கொறையலன்னா கூழு.”

“சீட்டா?”

“ஊருக்கெல்லாம் கிழிக்கிறிய. ஒங்களுக்கு ஒண்ணு கிழிக்க மாட்டியளா?”

முதல் சனிக்கிழமை பஞ்சுப் பொதி போடுகிற தராசில் ஏறி நின்றேன். எண்பத்து நாலு. ஒரு வாரம் கூழ் குடித்ததற்கு மிசின் ஒரு மரியாதையும் செய்யவில்லை.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. பஞ்சு வருகிற சாக்குக்கும் ஒரு எடை உண்டு. அதைக் கழித்தால்தான் பஞ்சின் எடை. அந்தக் கழிவுக்கு ‘டேர்’ என்று பேர். அதற்கென்று ஒரு பொத்தானும் உண்டு. அதில் ஒரு கிலோ என்று தட்டினேன். அதாவது, நான் ஒரு கிலோ சாக்குக்குள் நிற்கிறேன் என்று மிசினிடம் சொன்னேன். அதுவும் நம்பியது. சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில் 83. மேலே பொடி எழுத்தில் என்னென்னவோ இருக்கும். அதை லாரிக்காரர்களே படிப்பதில்லை.

பொன்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்துப் பர்சில் வைத்தாள். அவளுக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. துணியை மடித்துப் பெட்டியில் அடைக்கிறவளுக்கு எடையைப் பற்றி என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறி வந்தது. எலும்போடு வந்தது.

ரெண்டாவது வாரம் ரெண்டு கிலோ சாக்கு. மறுபடியும் கறி. விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“ஏங்க, ஒங்க பேண்ட்டு நாலையும் டெய்லர் வீரணன்ட்ட குடுத்திருக்கேன்.”

“எதுக்கு?”

“ரெண்டு கிலோ கொறஞ்சிருக்குல்ல. தொளதொளன்னு போட்டுட்டுப் போனா நாலு பேரு என்ன நெனப்பாக? இடுப்ப அரை இஞ்சு பிடிக்கச் சொல்லிருக்கேன்.”

“வேண்டாம் பொன்மணி. கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்.”

“சீட்டு கொறஞ்சா பேண்ட்டும் கொறையணும்.”

சீட்டு பொய் என்றால் கறி போகும். மெய் என்றால் மூச்சு போகும். கறியை நினைத்துப் பார்த்தேன். மூச்சு போனால் போகட்டும் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு சீட்டு, வாரம் அரை இஞ்சு. வேட்டி கட்டிப் போகலாமென்றால் குடோனில் மிசின் பக்கம் வேட்டி கூடாது. நாலாவது வாரம் நாற்காலியில் உட்கார்ந்ததும் பொத்தான் தெறித்துப்போய் ஒரு லாரி டிரைவர் காலடியில் விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்து, “அண்ணாச்சி, இதயும் சேத்துத்தான் எடை போட்டியளா?” என்று கேட்டார்.

உட்கார முடியவில்லை. நாள் பூராவும் நின்றேன். வண்டியில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. குடோனுக்கு நடந்தே போனேன். பதினோரு மணி வடைக்குப் பேண்ட்டுக்குள் இடமில்லை. விட்டுவிட்டேன். திங்கட்கிழமைப் பேண்ட்டை நினைத்தால் ஞாயிற்றுக்கிழமைக் கறி ரெண்டு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தைப் பொன்மணி நிதானமாகச் சாப்பிட்டாள்.

எட்டாவது சனிக்கிழமை சீட்டில் 76. அதற்கு மூணு கிலோ சாக்குதான் தேவைப்பட்டது. அப்போதுதான் எனக்கே உறைத்தது, நான் நிஜமாகவே குறைந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா எடை போட்டார். எழுபத்தொன்பது. ரத்தமும் பார்த்தார். சொன்ன அஞ்சு கிலோவைக் குறைத்துவிட்டீர்கள், மாத்திரை வேண்டாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வந்த பொன்மணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாசம். இன்றைக்கு ஒரு நாள் என்றேன். மறுக்காமல் கால் கிலோ டப்பா ஒன்று வாங்கினாள். பஸ்ஸில் உட்கார்ந்து நான் கையை நீட்டினேன். அவள் பர்சைத் திறந்து எட்டுச் சீட்டையும் எடுத்தாள்.

“சனிக்கெழம எழுவத்தாறு. இன்னைக்கு எழுவத்தொம்பது. ரெண்டு நாள்ல மூணு கிலோ ஏறிருக்கே.”

“ஆஸ்பத்திரி மிசின் பழசு.”

“டாக்டரம்மா மிசின் சரியாத்தான் இருக்கு. ஒங்க மிசினும் சரியாத்தான் இருக்கு.” விரல் பொடி எழுத்துக்குப் போனது. “இந்தா பாருங்க. மொத்தம் எழுவத்தொம்பது, டேர் மூணு. போன வாரம் மொத்தம் எம்பது, டேர் மூணு. மொத வாரம் எம்பத்து நாலு, டேர் ஒண்ணு. பேண்டேஜ் பெட்டி பதினஞ்சு வருசமா எடை போடுறேன். காலிப் பெட்டியக் கழிக்காம ஒரு நாளாவது அனுப்பிருப்பேனா?”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

“அப்ப மொத வாரமே தெரியுமா?”

“தெரியாமயா வீரணன்ட்ட போனேன்?”

டப்பாவைத் திறந்தாள். ஜன்னலோரம் மலையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ரசித்து ரசித்துச் சாப்பிட்டாள். ஒரு விள்ளல்கூட என் பக்கம் வரவில்லை. பஸ் ராஜபாளையத்துக்குள் நுழையும்போது அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்து முடித்தாள். மூடியை அழுத்தி மூடினாள். காலி டப்பாவை என் கையில் வைத்தாள்.

“இதுதான் டேரு. இது ஒங்களுக்கு.”