அம்மா எந்த வண்டியில்?

வெளியே போன இடத்தில் எதையாவது மறந்து வைத்துவிட்டு வருவது எல்லோருக்கும் நடப்பதுதான். குடை, ஹெல்மெட், டிபன் பாக்ஸ், மூக்குக்கண்ணாடி. எனக்குத் தெரிந்த ஒருவர் கல்யாண மண்டபத்தில் பல்செட்டையே விட்டுவிட்டு வந்தார். நான் அம்மாவை விட்டுவிட்டு வந்தேன். (தெரியாமல்தான். ஆனால் இந்த ‘தெரியாமல்’ என்ற சமாதானத்தை என் அக்காவிடம் சொன்னால் முறைப்பாள். அன்றைக்கு அவளும் இதே வேலையைத்தான் செய்தாள்.)

நடந்த இடம் மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் பழைய தர்பார் மண்டபம். ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்து, மண்டபம் மட்டும் மிஞ்சி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. பக்கத்து ஜவுளிக்கடைகளுக்கு ஆயிரம் தடவை போன திருச்சிக்காரர்கள்கூட அதற்குள் ஒரு தடவை நுழைந்திருக்க மாட்டார்கள். நாங்கள் மட்டும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போல அடிக்கடி போவோம். காரணம் அப்பா.

அப்பா ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர். தென்னூர், உறையூர், கடைசியில் ஸ்ரீரங்கம் என்று எனக்கு நினைவு தெரிந்து ஏழு வீடு மாறினோம். லீவு நாளில் மற்ற குடும்பங்கள் சினிமாவுக்கும் முக்கொம்புக்கும் போகும். அப்பா எங்களை அரண்மனை பார்க்கக் கூட்டிப் போவார். தஞ்சாவூர் அரண்மனை, திருமயம் கோட்டை, பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் இந்த தர்பார் மண்டபம். போன இடத்தில் சரித்திரம் சொல்வாரா என்றால் அதுதான் கிடையாது. குடிவரப் போகிறவர் மாதிரி பார்ப்பார். “காத்து நல்லாத்தான் வருது. ஆனா துணி காயப்போடக் கொடி கட்ட எடமில்லையே” என்பார். தஞ்சாவூரில் ஒரு தடவை காவலாளியிடம், “தண்ணி எப்படிங்க, கார்ப்பரேஷனா, போரா?” என்று கேட்டே விட்டார். அந்த மனிதர் குழம்பிப்போய் ராஜா காலத்துக் கிணற்றைக் காட்டினார். “கெணத்துத் தண்ணியா? சோப்பு நுரைக்காதே” என்று சொல்லி அப்பா அந்த அரண்மனையை வேண்டாம் என்றார்.

பார்த்து முடித்ததும் இடம் பிரிக்கும் விளையாட்டு நடக்கும். யாருக்கு எந்த அறை என்று முடிவு செய்யாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். அக்கா சுமதி எப்போதும் உயரமான இடத்தைக் கேட்பாள். எனக்கு வாளும் ஈட்டியும் இருக்கும் அறை. அப்பாவுக்கு ராஜா உட்காரும் இடம் (பேப்பர் படிக்க வெளிச்சம் இருக்கிறதாம்). சண்டை வருவது அம்மாவுக்காகத்தான். அம்மா என் ரூமில்தான் என்று நான் சொல்வேன், இல்லை என்னோடுதான் என்று அக்கா சொல்வாள். ஒரு தடவை இதற்காக என் கையைக் கடித்திருக்கிறாள், தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா மட்டும் எந்த அரண்மனையிலும் எந்த அறையையும் கேட்டதில்லை. நுழைந்ததும் காற்று வருகிற ஒரு படியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். “நீங்க போய் ரூமெல்லாம் பாத்துட்டு வாங்க. எனக்கு இந்த எடம் போதும்” என்பாள்.

அப்பா இறந்து எட்டு வருஷம் கழித்து, அம்மா தனியாக இருந்த ஸ்ரீரங்கம் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. இனிமேல் தனியாக வேண்டாம், எங்களில் ஒருவரோடு இருக்கட்டும் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. யாரோடு என்பதில்தான் இழுபறி. நான் சமயபுரத்தில் இருந்தேன், அக்கா துவாக்குடியில். இரண்டு பேருக்குமே அறைகள் குறைச்சல், சாக்குகள் அதிகம்.

வீட்டில் உட்கார்ந்து பேசினால் மனஸ்தாபம் வரும், எல்லோருமாக ஒரு நாள் ஜாலியாக வெளியே போய் அப்படியே நைசாகப் பேசி முடித்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆபீசில் மீட்டிங் நடத்தி நடத்தி எனக்கு அந்தப் புத்தி. (அங்கேயும் நான் நடத்தும் மீட்டிங்கில் எதுவும் முடிவானதில்லை.) பழைய இடத்துக்கே போவோம், தர்பார் மண்டபத்துக்கு, என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ரெண்டு பேரும் சேந்து கூட்டிட்டுப் போறாங்க” என்று தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். முட்டி வலியோடு விடியற்காலையில் எழுந்து எலுமிச்சம்பழச் சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, அப்பா வாங்கிக் கொடுத்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி கவிதாவும் ஸ்ரீரங்கம் போய் அம்மாவை எங்கள் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எனக்குத் தெப்பக்குளம் பக்கம் நிறுத்த இடம் கிடைத்தது. அக்காவும் அத்தானும் சிங்காரத்தோப்பில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தை எல்லாம் அம்மாவின் பையோடு என் காரில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா மண்டபத்தின் பக்கவாட்டில் வளைவுக்குக் கீழே படியில் உட்கார்ந்தாள். “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

உள்ளே போய்க் குவிமாடத்துக்கு நேர் கீழே நின்றதும், நான் தயார் செய்து வைத்திருந்த நகைச்சுவையை எடுத்துவிட்டேன். “அக்கா, அம்மா உன் ரூம்லதான்னு சின்ன வயசுல என்னைக் கடிச்சியே. இப்ப எடுத்துக்க. நான் விட்டுக் குடுக்கறேன்.”

அக்கா சிரிக்கவில்லை. “ரொம்பப் பெரிய மனசுடா முரளி உனக்கு. உங்க அபார்ட்மென்ட்லதான் லிஃப்ட் இருக்கு. அம்மா முட்டிக்கு அதான் சௌகரியம்.”

“உன் வீடு தரைத்தளம். லிஃப்ட்டே வேணாம்.”

“எங்க வீட்ல மாமியார் இருக்காங்கடா.”

“அம்மாவுக்குப் பேச்சுத்துணை ஆச்சு.”

“உங்க ஊர்ல கோயில் இருக்கு. அம்மா தெனம் போவாங்க.”

“அந்தக் கூட்டத்துல அம்மாவால நிக்க முடியுமா? உங்க பக்கம் அமைதியா இருக்கு.”

இப்படி இரண்டு பேரும் மாறி மாறி மற்றவர் வீட்டைப் புகழ்ந்துகொண்டே போனோம். எங்கள் வீடுகளுக்கு அவ்வளவு நல்ல பெயர் அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் இல்லை. கவிதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பாடம் செய்த ஆந்தையை முதல் தடவை பார்ப்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. “உன் பையன் பொறந்தப்ப அம்மாவ ஆறு மாசம் வச்சிருந்தியே” என்றேன்.

“வச்சிருந்தேனா? அம்மா என்ன கிரைண்டராடா?” என்று அக்கா கத்தினாள். “அப்ப நீயே கூட்டிட்டுப் போ!”

“முடியாது, நீ கூட்டிட்டுப் போ!” என்று நானும் கத்தினேன். அந்த மண்டபத்தில் குவிமாடத்துக்குக் கீழே பேசினால் வெளி வளைவு வரைக்கும் கேட்கும். சின்ன வயதில் நாங்களே ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டு விளையாடியிருக்கிறோம். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. நான் தெப்பக்குளம் பக்கம் போனேன், அவள் சிங்காரத்தோப்பு பக்கம் போனாள்.

“அத்தை?” என்றாள் கவிதா, காரில் ஏறும்போது.

“அக்கா கூட்டிட்டுப் போவா. அவளுக்கு எளகின மனசு, விட்டுட்டா போவா?” என்றேன். காலையில் அம்மா அவன் காரில்தானே வந்தாள், அவனோடுதான் போவாள் என்று அக்கா அந்த நேரத்தில் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா மட்டும் இரண்டு காரிலும் இல்லை.

காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் தாண்டி, நான் பாட்டுக்கு நியாயம் பேசிக்கொண்டே ஓட்டினேன். சமயபுரம் நெருங்கும்போது பின் சீட்டில் ஒரு போன் அடித்தது. அம்மாவின் பையில் இருந்த பட்டன் போன். பையில் போன், பிரஷர் மாத்திரை, கண்ணாடி, பர்ஸ் எல்லாமே இருந்தன. கவிதா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அக்காவின் அழுகைதான் முதலில் கேட்டது. “அம்மா, மனசுல வச்சுக்காதம்மா. நாளைக்கே வந்து உன்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்மா.”

“அண்ணி, நான் கவிதா. அத்தை உங்ககூட இல்லியா?”

அந்தப் பக்கம் அக்கா, “ஐயோ” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மணி நாலரை. அருங்காட்சியகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நானும் அக்காவும் அம்மாவுக்காகப் போட்டி போட்டுக்கொண்டு ஓடினோம், வடக்கிலிருந்து நான், கிழக்கிலிருந்து அவள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி அசையவில்லை. காரைக் கவிதாவிடம் விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெயின்கார்டு கேட் கூட்டத்தில் நாற்பத்தைந்து வயது தொப்பைக்காரன் ஓடுவதைப் பார்த்து ஒருவர், “திருடனா, திருட்டுக் குடுத்தவனா?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். நைட்டி விற்கிற தள்ளுவண்டியில் மோதினேன். ஒரு செருப்பு அங்கேயே போனது. அருங்காட்சியக வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு காலில்தான் செருப்பு, தோளில் பூப்போட்ட நைட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

அம்மா டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ கிளாஸ் இருந்தது. பக்கத்தில் சாவிக்கொத்தோடு வாட்ச்மேன் நின்றார்.

“வாங்க சார். அம்மாவுக்கு ஆட்டோ புடிச்சுத் தரேன்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க. புள்ளைங்க ரெண்டு பேரும் எனக்கு ரூம் பாத்துட்டு இருக்காங்க, கொஞ்சம் நேரமாகும்னு சொன்னாங்க” என்றார். பிறகு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இங்க ஏதுங்க ரூமு?” என்று கேட்டார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவள் என் காலைப் பார்த்தாள். “செருப்பு எங்கடா?” என்றாள். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்கு வாம்மா” என்றாள். “இல்ல, எங்க வீட்டுக்கு” என்றேன் நான், நைட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. மறுபடி சண்டை ஆரம்பித்தது. இந்தத் தடவை நேர்மாறாக.

அம்மா டீ கிளாஸை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். “அதெல்லாம் இருக்கட்டும். இப்ப அம்மா எந்த வண்டில? அத மட்டும் சொல்லுங்க” என்றாள்.

அடுத்த வாரமே அம்மா ஸ்ரீரங்கத்தில் அதே தெருவில் ஒற்றை அறைப் போர்ஷன் ஒன்றைத் தானே பார்த்து முடித்துவிட்டாள். நாங்கள் கெஞ்சினோம், கோபித்துக்கொண்டோம், கவிதா அழக்கூடச் செய்தாள். “நல்ல எடம்டா. மாடிப்படி இல்ல, கொடி கட்ட வசதி இருக்கு. ஆத்துத் தண்ணி, சோப்பு நல்லா நுரைக்குது” என்றாள் அம்மா. நாலு வருஷம் அங்கே இருந்தாள். ஞாயிறு தவறாமல் நாங்கள் இரண்டு பேரும் குழம்பும் கூட்டுமாகப் போய் நிற்போம். பண்டிகைக்கு எங்கள் வீடுகளுக்கு வருவாள், இரண்டாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொள்வாள். மண்டபத்தில் கேட்டதைப் பற்றி ஒரு தடவைகூட எங்களிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அந்த ஒரு கேள்வியை மட்டும் விடவில்லை. குடும்பமாக எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று, “அம்மா எந்த வண்டில? இப்பவே முடிவு பண்ணிக்குங்க” என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் இப்போதும் அதைச் சொல்கிறார்கள், காரில் வைக்க வேண்டியது தண்ணீர் கேனாக இருந்தாலும், “அம்மா எந்த வண்டில?” என்றுதான் கேட்பார்கள். நானும் அக்காவும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்போம்.

போன தை மாதம், அந்த அறையிலேயே, தூக்கத்தில் அம்மா போய்விட்டாள். அமரர் ஊர்தி தெருவில் வந்து நின்றது. யார் யார் எந்தக் காரில் வருவது என்று அத்தான் சொந்தக்காரர்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்தார். அழுது களைத்துப்போய் வாசலில் நின்ற அக்கா, கார்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், “அம்மா எந்த வண்டிலடா?” என்று என்னைக் கேட்டுவிட்டாள்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் இரண்டு பேரும் அழுதோம். எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. அக்கா யாரையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக அந்த வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டோம். எங்கள் இரண்டு கார்களும், ஓட்டுகிறவர்களைத் தவிர யாரும் இல்லாமல், பின்னால் வந்தன.