பட்டியலில் ஒன்பதாவது சாமான்

ஐம்பத்திரண்டாவது வயதில் ஓவியராகிவிடுவது என்று ஃபிக்ரி முடிவு செய்தார். முடிவை வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து வந்து, மீனில் முள் எடுத்துக்கொண்டே அறிவித்தார்.

"தூரிகையெல்லாம் போன நூற்றாண்டு, தஹானி. இனிமே காத்துதான் வரையும். ஏர்பிரஷ்!"

"காத்து வரைஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

எகிப்தின் போர்ட் சையதில் சூயஸ் கால்வாயைக் கடக்கும் படகில் வண்டிகளை வரிசையாக ஏற்றிவிடுவது ஃபிக்ரியின் உத்தியோகம். உலகத்துக் கப்பலெல்லாம் அவர் மூக்குக்கு முன்னால் போகும். ஒன்றுகூட அவர் சொல்லி நிற்காது. ஆகவே முழங்கை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் இழுவைக் கப்பல் வாங்கினார். அதற்கு வர்ணம் அடிக்கப் பேனா மாதிரி ஓர் ஏர்பிரஷ். ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றுக் கொடுக்க, கார் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர்.

முதல் வாரம் பெயின்ட் கெட்டியாக இருந்தது, ஒன்றுமே வரவில்லை. தண்ணீர் கலந்தார், எல்லாமே வந்தது. கப்பலின் பக்கவாட்டில் சிலந்திக் கால்கள் மாதிரி எட்டுத் திசையிலும் ஓடியது.

"பெயின்ட் பால் பதத்துல இருக்கணும்னு போட்டிருக்கான்" என்றார், கையேட்டைப் பார்த்து.

"எந்தப் பால்? நம்ம பால்காரர் ஊத்துறதா, நிஜப் பாலா?"

இரண்டாம் வாரம் பொத்தான் படுத்தியது. கீழே அழுத்தினால் காற்று. பின்னால் இழுத்தால் பெயின்ட். ஃபிக்ரி இரண்டையும் ஒரே மூச்சில், முழுப் பலத்தோடு செய்தார். நீலக் கோடு ஒன்று கப்பலில் கிளம்பி, சுவரைக் கடந்து, தஹானியின் வெள்ளைத் திரைச்சீலையில் போய் நங்கூரம் போட்டது.

அவர் புயலுக்குக் காத்திருந்தார். தஹானி திரையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நல்ல நீலம்" என்றாள். போய்விட்டாள்.

புத்தியுள்ள கணவன் அந்த இடத்தில் பயந்திருப்பான். ஃபிக்ரி அதைக் கலை ரசனை என்று எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான். "நிஹால் அப்பா, அந்தக் காத்து மிஷின் கழுதைக்கு ஆஸ்துமா வந்த மாதிரி கத்துது. கீழ்வீட்டு ஹாஜி ரெண்டு தடவை கதவைத் தட்டிட்டார். சத்தமில்லாம அடிங்க, வீடு பூரா வேணா அடிங்க. இன்னொரு தடவை கத்திச்சு, உங்க கப்பல் ஜன்னல் வழியா இறங்கிடும்."

ஃபிக்ரி கொதித்தார். இது என்ன நியாயம்? இந்த வீட்டில் மிக்ஸி அலறலாம். டிவியில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் சபிக்கலாம். இவள் அக்காவின் சிரிப்பு போனில் வந்தால் கால்வாய்க்கு அக்கரையில் கேட்கும். அதெல்லாம் சங்கீதம். ஒரு மனிதன் வாழ்நாளில் முதல்முறையாக ஆசைப்பட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் சத்தம்!

இந்த நேரத்தில்தான், பக்கத்து ஊர் தமியாத்தாவில் வாக்கப்பட்டிருக்கும் மகள் நிஹால் அவருடைய போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு தாடிக்காரர் பழைய ஃபிரிட்ஜின் மோட்டாரைக் கழற்றி, ஒரு காற்று உருளையோடு இணைத்து, ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று எடுத்தார். மோட்டார் மேல் பூனை தூங்கியது. பூனையின் குறட்டைதான் பெரிதாகக் கேட்டது. 'பழைய ஃபிரிட்ஜ்தான் உத்தமம். இப்போது வருவதெல்லாம் தகரம்' என்று முடித்தார் தாடிக்காரர்.

ஃபிக்ரி மெல்லத் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார்.

அங்கே நின்றது இருபத்தாறு வருட ஃபிரிட்ஜ். இரண்டு கதவு வைத்த புதிது வேண்டும் என்று தஹானி ஆறு வருடமாகக் கேட்கிறாள். ஆறு வருடமாக அவர் ஒரே பதிலைச் சொல்கிறார்: "இது இரும்பு. நம்ம ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் இது நிக்கும்." இப்போது அதை அவரே அடக்கம் பண்ண வேண்டும். அவளுக்குத் தெரியாமல்.

அதிர்ஷ்டம் பாருங்கள், அந்த வாரமே தஹானி மகள் வீட்டுக்கு இரண்டு நாள் கிளம்பினாள். உறைபெட்டியில் இருந்த மீன், வாத்து, வெண்டைக்காய் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டாள். "பிள்ளைக்குக் கொடுத்துட்டு வரேன்." ஃபிக்ரி பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டியை மூன்று மாடி இறக்கினார்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஸாபிர் வந்து பார்த்தான்.

"அண்ணே, இது ஜம்முனு ஓடுதே!"

"ஓடுறதாலதான் வேணும்."

"ஓடுற ஃபிரிட்ஜை யாராவது அறுப்பாங்களா?"

"உன்னை வைத்தியத்துக்கா கூப்பிட்டேன்? அறு."

ஸாபிர் குழாயை அறுத்தான். வாயு ஒரு பெருமூச்சோடு போனது. மோட்டார் வெளியே வந்தது. ஃபிரிட்ஜின் கூடு பால்கனிக்குப் போனது. அதன் இடத்தில் ஸாபிர் கடையிலிருந்து கதவு நசுங்கிய ஒரு கிழ ஃபிரிட்ஜ் வந்து நின்றது. சொல்ல வேண்டிய கதையும் தயார்: 'அது திடீரென்று போய்விட்டது. நம் கையில் என்ன இருக்கிறது?'

அன்று சாயங்காலம் ஃபிக்ரி மேஜைக்கு முன் உட்கார்ந்தார். மேஜைக்கடியில் மோட்டார் ஓடுகிறதா என்று குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பால் பதத்தில் சாம்பல் நிறம். மெல்ல அழுத்தினார். மெல்ல இழுத்தார். கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை, கடலில் விடிகாலை மூடுபனி படர்வது போல நிறம் படர்ந்தது. ஒரு சொட்டில்லை, ஒரு கோடில்லை. ஃபிக்ரிக்குக் கண் கலங்கியது. பெயின்ட் நெடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் தஹானி வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள்.

"என் ஃபிரிட்ஜ் எங்க?"

"போயிடுச்சு, தஹானி. நேத்து. துடிக்கக்கூட இல்ல."

"அப்படியா! நம்ம ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணும்னீங்களே?"

"அவசரப்பட்டுடுச்சு."

அவள் பால்கனிக்குப் போனாள். குழாய் தொங்கும் கூட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து, மேஜைக்கடியில் குனிந்தாள். நிமிர்ந்து, தம்பிக்குப் போன் போட்டாள். "ஷௌகத், பட்டியலை எடுத்துட்டு வா."

எந்தப் பட்டியல் என்று ஃபிக்ரிக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்தன்று பெண்ணுக்குச் சொந்தமான வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எழுதி, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பட்டியல். அதில் உள்ளதை அழித்தவனை நீதிமன்றம் வரை இழுக்கலாம்.

ஷௌகத் வக்கீல் குமாஸ்தா. அக்கரையிலிருந்து படகு ஏறி வர வேண்டிய ஆள், ஐந்தே நிமிடத்தில் மாடியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம்.

"இருபத்தாறு வருஷம்!" ஃபிக்ரி குதித்தார். "இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் முன்னால காகிதத்தை நீட்டுறீங்களே! ஒரு மோட்டார்! ஒரு பிடி இரும்பு! நான் என்ன கொள்ளைக்காரனா?"

"கோபப்படாதீங்க மச்சான். ஒன்பதாவது வரி. 'ஃபிரிட்ஜ் ஒன்று, புதியது, மோட்டாருடன்.' கீழே யார் கையெழுத்து?"

"அன்னிக்குப் படிச்சுப் பார்த்தா போட்டேன்? சந்தோஷத்துல போட்டேன்!"

"எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான் போடுறாங்க. அதனாலதான் எழுதி வாங்குறோம்."

"சரி, அதே மோட்டாரைத் திருப்பி வெச்சுடுறேன்!"

ஸாபிரைக் கூப்பிட்டார்கள். "வெளிக்காத்து குடிச்ச மோட்டார் இனி ஃபிரிட்ஜுக்கு ஆகாது அண்ணே. நீங்கதானே அறுன்னீங்க" என்றான்.

"அப்போ இது? நிக்குதே ஒரு ஃபிரிட்ஜ்!"

ஷௌகத் நசுங்கிய கதவைத் தட்டிப் பார்த்தார். "புதுசுக்குப் புதுசு மச்சான்."

வியாழக்கிழமை இரண்டு கதவு ஃபிரிட்ஜ் மாடியேறியது. ஷௌகத் அதைப் பட்டியலில் சேர்த்தார். ஃபிக்ரி இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"மோட்டாரும் ஒன்பதாவது வரிதான், என்னுது" என்றாள் தஹானி. "வெள்ளிக்கிழமை மட்டும் ஓட்டிக்குங்க. கேட்டுட்டு."

வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு உட்கார்ந்தார். உள்ளுக்குள் இன்னும் பொருமிக்கொண்டிருந்தார். ஆனாலும் கப்பலின் இடுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று நேராக விழுந்துகொண்டிருந்தது. அந்த மோட்டாருக்கு ஒரே ஒரு குறைதான்: கொஞ்சம்கூடச் சத்தம் போடாது. சமையலறையில் தஹானி போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"நீ அனுப்பின வீடியோ ஒரே வாரத்துல வேலை செஞ்சிடுச்சு, நிஹால். வாஷிங் மெஷின் மோட்டார்ல ஏதாவது செய்யலாமான்னு ஒரு வீடியோ தேடிப் பாரும்மா."